ஹோம் தியேட்டர் செட் மக்கர் செய்கிறதா? புதுசு வாங்கும் முன் அறிகுறிவாரியாகப் பார்க்க வேண்டியவை

சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய 2.1 செட் (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிக் கட்டிய அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர், அப்பா காலத்து ஸ்பீக்கர் பெட்டி: நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இவைதான். இவற்றில் வருகிற பழுதுகளும் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான். ஆம்ப் போர்டு எரிந்துபோவது அவற்றில் கடைசி. அதற்கு முன்னால் பின், வயர், சாலிடர், டிவி செட்டிங் என்று எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. நல்ல செட்டை "போயிடுச்சு" என்று எடைக்குப் போட்டுவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றைப் புதிதாக வாங்கி வருவதுதான் இதில் நடக்கும் பெரிய நஷ்டம்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கிறது, செலவு கூடியது கடைசியில். அதே வரிசையில் போங்கள்.

## கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஆர்சிஏ கேபிள் ஒன்று (ஒரு முனையில் சிவப்பு, வெள்ளைப் பின்கள், மறுமுனையில் போனில் சொருகும் 3.5 எம்எம் பின்), பாட்டு உள்ள போன், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சீரீஸ் பல்பு அவசியம்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் வயரில் தொடராகப் போட்ட ஒரு பிளக் பாயின்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரை டிசி 200-ல் வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் சப்ளை இருந்தால் அதன் மெயின்ஸ் பக்கக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் செட்டைத் திறந்து பழகியவர்கள்கூட இதைத் தொட வேண்டாம்.

## லைட்டே எரியவில்லை

அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜர் வேலை செய்கிறதா? செட்டின் பின்னால் கழற்றி மாட்டும் பவர் கார்டு இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். எட்டு வடிவ இரண்டு பின் கார்டில் உள்ளே இருக்கும் பித்தளை விரிந்து லூஸாவது சகஜம்.

அடுத்து பின்பக்கக் கண்ணாடி ஃப்யூஸ். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கம்பி முழுசாகத் தெரியும், மூடிக்குள் அறுந்திருக்கும். மீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். மாற்றும்போது அதில் பொறித்திருக்கும் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான். ஒற்றைச் செம்புக் கம்பியை முறுக்கிவிடும் வேலை வேண்டாம். அடுத்த முறை எரிவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும்.

### புது ஃப்யூஸும் உடனே போகிறது

மூன்றாவது ஃப்யூஸ் போடாதீர்கள். சீரீஸ் பல்பில் செட்டைச் சொருகி ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்குப் போகும் வயர்களை (செகண்டரி) கழற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் பல்பு முழுதாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. மங்கிவிட்டால் குற்றவாளி டயோடு அல்லது ஆம்ப் ஐசி.

### ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, கரண்ட் போகவில்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் பக்க) வயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சிறிய செட்டுகளில் சில பத்து ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே புதைத்திருக்கும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கிறது. இரண்டுக்கும் புது டிரான்ஸ்ஃபார்மர்தான்.

வாங்கப் போகும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட்டையே கேளுங்கள். "12-0-12 இல்லை, 15-0-15 போடுங்க, சத்தம் கூடும்" என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அசெம்பிள்டு செட்டுகளில் அதிகம் புழங்கும் எல்ஏ 4440 ஐசி ஓடும்போது தாங்கும் உச்சம் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு டயோடும் போட்டால் டிசி 16 வோல்ட்டுக்கு மேல் வரும். 15-0-15 போட்டால் 20-ஐத் தாண்டும். நள்ளிரவில் லைன் வோல்டேஜ் 260-க்கு ஏறும் ஊர்களில் 12-0-12 போட்டாலே 18-ஐத் தொட்டுவிடும். அங்கெல்லாம் இந்த ஐசி அடிக்கடி சாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

## லைட் எரிகிறது, சத்தமே வரவில்லை

ரிமோட்டில் மியூட், இன்புட் தேர்வு, இரண்டையும் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் பல செட்டுகள் தாமாகவே ப்ளூடூத்துக்கோ யூஎஸ்பிக்கோ மாறிவிடும். ஹெட்ஃபோன் ஜாக் உள்ள செட் என்றால் ஒரு பின்னை நாலைந்து முறை சொருகி எடுங்கள். அதற்குள் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஸ்பீக்கரைத் துண்டித்து வைத்திருக்கும்.

பிறகு டிவியை விட்டுவிட்டு போனை நேரடியாக ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டில் மாட்டுங்கள். பாடினால் செட்டில் பழுது இல்லை, கீழே உள்ள டிவி பகுதிக்குப் போங்கள்.

பாடவில்லையா? ஆம்பில் சொருகிய கேபிளின் மறுமுனையை எதிலும் மாட்டாமல், வால்யூமைக் கால்வாசி வைத்து, பின்னின் நுனியை விரலால் தொடுங்கள். "பர்ர்" என்று சத்தம் வந்தால் ஆம்ப் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் ஸ்பீக்கரைப் பாருங்கள்: வயரை ஆம்பிலிருந்து கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் "டப்" என்று கேட்க வேண்டும்.

### ஆன் செய்ததும் வரும் "டிக்" சத்தம் வருவதில்லை

ரிலே உள்ள ஆம்புகள் ஆன் செய்து சில விநாடியில் ஒரு "டிக்" கொடுத்து ஸ்பீக்கரை இணைக்கும். அது இல்லை என்றால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள ஸ்பீக்கரை இணைக்காமல், புரொடெக்ஷனில் நிற்கிறது. எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது "டிக்" வந்தால் எங்கோ வயர் ஷார்ட். ஸ்பிரிங் கிளிப்பில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும். டிபிஏ 3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகளில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் கொண்டுபோனாலும் இப்படி ஆகும். அந்த போர்டுகளில் மைனஸ் என்பது கிரவுண்ட் கிடையாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் போக வேண்டும்.

ஸ்பீக்கர் இல்லாமலும் "டிக்" வரவில்லை என்றால் பெரும்பாலும் அவுட்புட்டில், ஸ்பீக்கரை எரிக்கக்கூடிய டிசி வோல்ட் நிற்கிறது. இது மெக்கானிக் வேலை.

## ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு முறை மாற்றிச் சொருகினால் பழுது இருக்கும் இடம் தானே தெரிந்துவிடும். செட்டை ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள்.

முதலில் ஆம்பின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடுங்கள். பாடாத பக்கம் மாறாமல் அதே ஸ்பீக்கர் மௌனமாக இருந்தால் பழுது ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ. மௌனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கர் நல்லது. வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, இப்போது ஆம்பில் சொருகியிருக்கும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை மாற்றிச் சொருகுங்கள். மௌனம் தாவினால் கேபிளிலோ டிவி, போன் பக்கமோ பழுது. அப்படியே இருந்தால் ஆம்புக்குள்.

### ஸ்பீக்கர் பக்கம்

வயரின் நுனியைப் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப் பிளாஸ்டிக் உறையைக் கவ்விக்கொண்டு செம்பைத் தொடாமல் இருக்கலாம். கட்டிலுக்கு அடியிலும் பரண் ஓரத்திலும் போகும் வயர் என்றால் எலி கடித்ததா என்று முழு நீளமும் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. வயர் நன்றாக இருந்தால் மீட்டரை 200 ஓமில் வைத்து ஸ்பீக்கரை அளவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7 வரை. ஒன்றும் காட்டாவிட்டால் வாய்ஸ் காயில், அதாவது அதிரும் கூம்பின் (கோன்) பின்னால் உள்ள கம்பிச் சுருள், அறுந்திருக்கிறது. அதற்கு முன் கோனிலிருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அது அறுந்திருந்தால் சாலிடர் வைத்தாலே சரியாகிவிடும். காயில் போயிருந்தால் ரீகோன் (புதுக் கோனும் காயிலும் போடுவது) செய்பவரிடம் கொடுக்க வேண்டும். 4 இன்ச்சுக்குக் கீழான சின்ன ஸ்பீக்கருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது, புதிது வாங்கிவிடலாம்.

### ஆம்புக்குள்

பவரைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்கியபின் போர்டைத் திருப்பிப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். ஐசி கால்கள், ஆர்சிஏ சாக்கெட், வால்யூம் கன்ட்ரோல் இந்த மூன்று இடமும்தான் முக்கியம். நல்ல சாலிடர் பளபளப்பாகக் கூம்பு போலக் காலைத் தழுவி நிற்கும். டிரை சாலிடர் விட்ட இடத்தில் காலைச் சுற்றித் தலைமுடி கனத்தில் கறுப்பு வளையம் ஒன்று ஓடும். குச்சியால் காலை லேசாக நெம்பினால் கால் மட்டும் ஆடும், சாலிடர் அசையாது. 25 வாட் சாலிடரிங் அயர்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸும் இருந்தால், பழைய சாலிடரை உருக்கிப் புதிது ஏற்றிவிடலாம். ஒரு பக்கம் வந்து வந்து போகிறது, பெட்டியைத் தட்டினால் வருகிறது என்றால் ஏறக்குறைய நிச்சயமாக இதுதான்.

சாலிடர் சரியாக இருந்தும் பாடவில்லை என்றால் வால்யூம் கன்ட்ரோலின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம், ஐசியில் ஒரு சேனல் போயிருக்கலாம். ஐசி மாற்றுவது பணத்தில் பெரிய செலவில்லை. ஆனால் சந்தையில் போலி ஐசிகள் மலிந்திருக்கின்றன. எழுத்து வெளிறியோ, நகத்தால் சுரண்டினால் அழிவதாகவோ இருந்தால் வாங்காதீர்கள்.

## "ஊம்ம்" என்று இரைச்சல்

அதிகம் பேர் அலைவது இதற்காகத்தான். அடிப்படைக் கேள்வி ஒன்றே: வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தால் இரைச்சல் குறைகிறதா?

### குறையவே இல்லை

எல்லா இன்புட் கேபிளையும் கழற்றுங்கள். அப்போதும் அதே அளவு "ஊம்" இருந்தால் பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர். கடையில் "கண்டென்சர்" என்று கேட்டாலும் தருவார்கள். திறந்து பார்த்தால் அதன் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே கீறிய கூட்டல் குறி உப்பி வெடித்திருந்தாலோ, அடியில் பழுப்பாகப் பிசின் போல் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல்: 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் இருந்த இடத்தில் 4700, 35 வோல்ட் போடலாம், 16 போடக் கூடாது. உறையில் கோடு போட்ட கால் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, பெட்டிதான் உறுமுகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள்.

### வால்யூம் கூட்டினால் கூடுகிறது, கேபிளைக் கழற்றினால் நின்றுவிடுகிறது

கேபிளின் வெளி உறை வயர் அறுந்திருக்கிறது. நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள்.

### டிவியோ டிஷ் பாக்ஸோ மாட்டியிருந்தால் மட்டும்

கிரவுண்ட் லூப். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். அந்த நொடியே இரைச்சல் நின்றால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். மாடியில் இருக்கும் டிஷ்ஷின் இரும்புக் கம்பம் வழியாக ஓர் எர்த், சுவர் பிளக் வழியாக இன்னோர் எர்த், இரண்டுக்கும் நடுவே உங்கள் ஆடியோ கேபிள். டிவி, பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள். போகாவிட்டால், இரண்டு பக்கமும் ஆப்டிகல் இருந்தால் அதற்கு மாறுங்கள். ஒளியில் கரண்ட் போகாது, லூப்பும் இல்லை. ஆப்டிகல் இல்லாத செட்டுக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சில நூறு ரூபாயில் ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும்.

எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. போகும். அதன் பிறகு உலோகப் பெட்டிக்குள் ஒரு வயர் விட்டுப்போனால், பெட்டியைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

### ப்ளூடூத்தில் மட்டும் "கீங்ங்" என்று மெல்லிய சத்தம்

ஆம்பும் ப்ளூடூத் போர்டும் ஒரே சப்ளையில் ஓடும் அசெம்பிள்டு செட்டுகளின் நோய் இது. ப்ளூடூத் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் லைனில் பி0505எஸ் என்ற தனிமைப்படுத்தும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டால் தீரும். நாலு கால் உள்ள சிறு துண்டுதான். இது 1 வாட் மட்டுமே தரும் என்பதால் டிஸ்பிளேயும் பென் டிரைவும் உள்ள பெரிய போர்டுக்குப் போதாது. அதற்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

### இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும்

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் செட்டில் பழுது இல்லை. சைன் வேவில் இந்த உறுமல் வராது. லேப்டாப் சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் வருகிறது என்றாலும் அப்படித்தான், பேட்டரியில் ஓட்டினால் நிற்கும்.

## வால்யூம் திருப்பும்போது கர கர

தூசி. வால்யூம் கன்ட்ரோலின் கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடுக்கில் காண்டாக்ட் கிளீனர் ஒரு முறை அடித்து, செட்டை ஆஃபில் வைத்தே இருபது முப்பது முறை இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை திருப்புங்கள். காய அரை மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள், ஒரு மாதத்தில் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். போகாவிட்டால் கன்ட்ரோலையே மாற்றுங்கள். ஸ்டீரியோ வால்யூமுக்கு இரட்டை அடுக்கு லாக் வகையைக் கேளுங்கள். உடலில் 'ஏ' எழுத்து இருக்கும். 'பி' போட்டால் சற்றுத் திருப்பியதுமே சத்தம் எகிறும்.

## சத்தம் உடைகிறது

### அதிகம் வைக்கும்போது மட்டும்

ஆம்ப் தன் வரம்பை மீறுகிறது. பேஸ் கன்ட்ரோலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். போனில் ஈக்வலைசர், பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து, போன் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, மீதியை ஆம்பில் கூட்டுங்கள். இப்போது தெளிவாக வந்தால் பழுதே இல்லை, அந்த ஆம்பின் அளவு அவ்வளவுதான். உடைந்த சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் முதலில் சாவது டுவீட்டர் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்).

### மெதுவாக வைத்தாலும்

முன்னே சொன்னபடி ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டு, ஸ்பீக்கரா ஆம்பா என்று முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் என்றால் வலையைக் கழற்றி, கோனின் இரு பக்கமும் நான்கு விரலைச் சமமாக வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். பட்டுப் போலப் போய்வர வேண்டும். மணலில் தேய்ப்பது போல் "ஸ்க்க்" என்று விரலில் உணர்ந்தால் காயில் உரசுகிறது. இதற்கு வீட்டில் மருந்து இல்லை, ரீகோன்தான். கொடுக்கும்போது அதே ஓம் காயில் போடச் சொல்லுங்கள்.

கோனைச் சுற்றியுள்ள விளிம்பையும் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஊர் ஈரத்தில் வருடங்கள் போனால் தொட்டவுடன் கேக் தூள் மாதிரி உதிரும். காயில் நன்றாக இருந்தால் விளிம்பு மட்டும் மாற்றலாம். பழைய, நல்ல மேக் வூஃபர் என்றால் கட்டாயம் மாற்றுங்கள், அந்தத் தரம் இன்றைய மலிவு விலைப் பெட்டியில் கிடைக்காது.

### குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் "ஜிர்ர்"

பெட்டியின் ஸ்க்ரூ, முன்வலை, கோனில் உரசும் உள் வயர், ஷெல்ஃபில் இருக்கும் கண்ணாடி. பாட்டு ஓடும்போது ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்தால் அகப்பட்டுவிடும்.

## அரை மணி ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் பாடுகிறது

சூடு. ஆம்பின் மேல் விரித்த எம்ப்ராய்டரி துணியை எடுங்கள். மேலே நான்கு இன்ச் இடைவெளி விடுங்கள். ஃபேன் உள்ள செட் என்றால் அது சுற்றுகிறதா?

அப்படியும் நின்றால் எத்தனை ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரே முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம், 4 ஓம் இரண்டு என்றால் 2 ஓம். "4–8 ஓம்" என்று எழுதிய ஆம்பில் 2 ஓம் மாட்டினால் அது நிற்பதுதான் நியாயம். கூடுதல் ஸ்பீக்கரைக் கழற்றியதும் சரியானால் இதுதான் காரணம்.

அதுவும் இல்லையென்றால் ஐசிக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துவிட்டு மெல்லிய படலமாகப் புதிது தடவுங்கள். நடுவில் மைக்கா தாள் இருந்தால் மறக்காமல் திரும்ப வையுங்கள். அதை விட்டுவிட்டு மூட்டினால் பல ஐசிகளில் சப்ளை நேரே ஹீட் சிங்க்கில் ஷார்ட் ஆகும்.

## இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் இல்லை

கரோக்கி போல ஒலிக்கும். பயந்துபோய் போர்டை மாற்றியவர்கள் உண்டு. காரணம் ஆக்ஸ் பின்னின் கிரவுண்ட் தொடாமல் இருப்பது. இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். போன் கவர் தடுப்பதால் பின் முழுதாக உள்ளே போகாமல் இருக்கலாம், கவரைக் கழற்றிச் சொருகுங்கள். மூன்று வளையப் பின்னும் (மைக் உள்ள வகை) பழைய சாக்கெட்டுகளில் இப்படிச் செய்யும், இரண்டு வளையப் பின் வாங்குங்கள். அப்படியும் இருந்தால் கேபிளை மாற்றுங்கள்.

படத்தில் வசனம் மட்டும் மெதுவாகக் கேட்டால் அது வேறு. டிவி 5.1 அனுப்புகிறது, சென்டர் ஸ்பீக்கர் மாட்டவில்லை. டிவி ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் (சாதாரண இரண்டு சேனல் ஒலி) அல்லது ஸ்டீரியோ என்று மாற்றினால் வசனம் இரு பக்கமும் வந்துவிடும்.

## பேஸ் இல்லை

புதிதாக மாட்டிய செட்டில் இப்படி என்றால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் வருகின்றனவா என்று பாருங்கள். சப்வூஃபரைச் சுவர் மூலைக்கு நகர்த்தினாலே பேஸ் கூடும்.

வயர் நீளமும் கணக்கு. 0.5 சதுர எம்எம் வயரை 10 மீட்டர் இழுத்தால் போகவரச் சேர்த்துச் சுமார் 0.7 ஓம் வழியிலேயே தங்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய இழப்பு. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர எம்எம் செம்பு வயரே போதும், 0.25 ஓமுக்குள் முடிந்துவிடும். நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். காசைத் திரும்பக் கேளுங்கள்.

பானையில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு: வாய் விளிம்பில் காற்று கசிந்தால் பேஸ் பாதியாகிவிடும். ஸ்பீக்கரின் இரும்பு விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே எம்-சீலோ, சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர் வளையமோ வையுங்கள்.

## டிவியிலிருந்து வருவதில்லை

ஆப்டிகல் கேபிளின் இரு நுனியிலும் கண்ணாடி போன்ற குட்டி மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகுவது மிகச் சாதாரணம். டிவியில் மாட்டி மறுமுனையைப் பாருங்கள், சிவப்பு வெளிச்சம் வர வேண்டும். வெளிச்சம் இருந்தும் சத்தம் இல்லாவிட்டால், டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்பதை 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்பதிலிருந்து 'பிசிஎம்' ஆக்குங்கள். மலிவான டிஜிட்டல்–அனலாக் கன்வெர்ட்டர்களுக்கு டால்பி புரியாது. டிஷ் சேனல் பாடுகிறது, ஓடிடி செயலி மட்டும் பாடவில்லை என்றாலும் இதே மருந்து.

எச்டிஎம்ஐ வழி என்றால், 'ஏஆர்சி' என்று எழுதிய துளையில்தான் சொருகியிருக்கிறீர்களா? டிவியில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாக டிவியும் செட்டும் பேசிக்கொள்ளும் வசதி) ஆன் ஆக வேண்டும். அதற்கு ஆளுக்கொரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

ப்ளூடூத்தில் வாயசைவுக்குப் பின்னால் சத்தம் வருவது பழுது கிடையாது, அந்த வழியின் இயல்பு. டிவியில் ஆடியோ டிலே செட்டிங் பெரும்பாலும் சத்தத்தை இன்னும் தாமதிக்கத்தான் உதவும். படம் பார்க்க வயரே போடுங்கள்.

## இவை வந்தால் கையை எடுத்துவிடுங்கள்

கருகல் வாசனை. பெட்டியைத் தொட்டால் ஷாக். சீரீஸ் பல்பு முழு வெளிச்சம். எஸ்எம்பிஎஸ் சப்ளைக்குள் எந்த வேலையும். அவுட்புட்டில் டிசி.

கடைசியதை மட்டும் நீங்களே அளந்துவிட்டுப் போகலாம். ஸ்பீக்கரைக் கழற்றி, ஆம்பில் அது மாட்டியிருந்த பிளஸ் மைனஸ் முனைகளுக்கு நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, பாட்டு இல்லாமல் டிசி வோல்ட்டை அளவிடுங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் உள்ள போர்டுகளில் மீட்டர் பொய் சொல்லும். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.1 வரை பொறுக்கலாம். 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள், வூஃபர் காயில் சத்தமில்லாமல் வெந்துபோகும்.

மெக்கானிக்கிடம் "பாடலைங்க" என்று மட்டும் சொல்லாமல், எதை மாற்றிச் சொருகியபோது என்ன ஆனது என்று சொல்லுங்கள். கூலி பாதி அதில்தான் குறையும். மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

## வேறு வாங்கியே ஆக வேண்டும் என்றால்

டிரான்ஸ்ஃபார்மரும் ஐசியும் சேர்ந்து போயிருந்தால், அல்லது எல்லாம் ஒரே போர்டில் உள்ள சவுண்ட்பாரில் மெயின் போர்டு போயிருந்தால் செலவழிக்க வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டி நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்பை மாற்றுங்கள். குறைந்த பட்ஜெட்டில் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர்தான் நீடிக்கும் என்பது எங்கள் திடமான கருத்து. ஒன்று போனால் மற்றது மிஞ்சும்.

கடையில் அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பிஎம்பிஓ (ஒரு கண உச்ச வாட்) எண்ணைப் பார்க்காதீர்கள். செட்டைத் திருப்பி, பின் லேபிளில் பவர் கன்சம்ப்ஷன் எவ்வளவு என்று படியுங்கள். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் செட் தொடர்ந்து 60 வாட்டைக்கூட ஸ்பீக்கருக்குத் தர முடியாது. வயர் செட்டிலேயே ஒட்டியிருக்கிறதா, கிளிப்பில் கழற்றி மாட்டலாமா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் ஒரு எலிக்கடிக்கும் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். வூஃபர் விளிம்பு ரப்பராக இருக்கட்டும், ஃபோம் வேண்டாம். 5.1 என்று சொன்னால் ஒவ்வொரு சேனலாகப் பேசும் சோதனைக் கோப்பு ஒன்றை, டால்பி டிஜிட்டலில் பதிவானதாக, பென் டிரைவில் கொண்டுபோய், டிவி ஆடியோவை பிட்ஸ்ட்ரீமில் வைத்து, டிவி வழியாக ஆப்டிகலிலோ எச்டிஎம்ஐயிலோ ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் பேசினால் அது ஸ்டீரியோ செட்.

பழைய செட் வாங்குவதாக இருந்தால் மீட்டரையும் பேட்டரியையும் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் ஓம், கோன் உரசல், வால்யூம் கரகரப்பு, இன்புட் இல்லாமல் முழு வால்யூமில் எவ்வளவு இரைச்சல்: இந்த நான்கையும் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பிறகு பேரம் பேசிக்கொண்டே இன்னும் அரை மணி நேரம் பாட விடுங்கள். சூட்டில் நிற்கிற செட்டாக இருந்தால் அதற்குள் நின்றுவிடும்.